செல்லாது என்று சொல்லப் போகிறவளுக்கு

பாப்பா,

நீ டெல்லிக்குக் கிளம்புகிறாய் என்று போனில் சொன்னதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நேற்றுக் காலை அரிசி போடாமல் வெறும் தண்ணீரைக் குக்கரில் வைத்து விசில் விட்டுக்கொண்டிருந்தேன். உன் தம்பி தினேஷ் எட்டிப் பார்த்து, "இன்னாம்மா, வென்னீருக்கு விசிலா?" என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உன்னோடு போனில் பேசினால் நீ வக்கீலாகப் பேசுவாய், நான் கத்துவேன், நம்மில் ஒருத்தி பாதியில் வைத்துவிடுவாள். போன ஞாயிற்றுக்கிழமையும் அதுதானே நடந்தது? அதனால்தான் எழுத உட்கார்ந்துவிட்டேன். குறுக்கே பேசாமல் ஒரு தடவை முழுசாகப் படி. படித்துவிட்டு உன் ஆபீசில் யாருக்கு வேண்டுமானாலும் காட்டு. உன் சீனியருக்கே காட்டு. அவரும் ஒரு தாய் பெற்ற பிள்ளைதானே, படிக்கட்டும்.

நீ எதற்காகப் போகிறாய் என்று நான் புரிந்துகொண்டதை முதலில் சொல்லிவிடுகிறேன். தப்பென்றால் திருத்து. காசு வைத்து ஆடுகிற ஆன்லைன் ஆட்டங்களுக்குத் தடை போட்டு நாடாளுமன்றத்தில் சட்டம் வந்திருக்கிறது. அந்த ஆட்டங்களை நடத்திய கம்பெனிகள் சும்மா இருக்கவில்லை. இந்தச் சட்டம் அரசியல் சாசனத்துக்கு விரோதமானது, இதைச் செல்லாது என்று அறிவியுங்கள் என்று கோர்ட்டுக்குப் போயிருக்கின்றன. அதில் ஒரு கம்பெனிக்கு உன் சீனியர் வாதாடுகிறார். அவர் பேசப் போவதற்கெல்லாம் குறிப்பு எழுதிக் கொடுப்பவள் நீ. கறுப்பு கவுன் போட்டுக்கொண்டு அவருக்குப் பின்னால் நிற்கப் போகிறவளும் நீ. உன் கூடப் பிறந்தவன் அதே ஆட்டத்தால் உயிரை விடப் பார்த்தவன். சட்டம் இருக்கிற வரைக்கும் அவன் இருக்கிறான் என்று நான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். அந்தச் சட்டத்தை எடுக்க என் மகளே போகிறாள் என்றால் எனக்குச் சோறு இறங்குமா?

ஞாயிற்றுக்கிழமை நான் கேட்டது ஒன்றும் பெரிய கேள்வி இல்லை. "நாங்க வெயில்ல நின்னு ஓட்டு போட்டு அனுப்பினவங்க எல்லாரும் சேந்து போட்ட சட்டம்டி இது. ஓட்டே கேக்காத ரெண்டு மூணு பேரு உக்காந்துகினு இது செல்லாதுன்னு சொல்லிட முடியுமா? இது இன்னா நியாயம்?" என்றேன். நீ மெதுவாக, "யார் வேணா இதைக் கேக்கலாம்மா, நீ மட்டும் கேக்கக் கூடாது. நைட் ஷிப்ட் மறந்து போச்சா?" என்றாய். ஆத்திரத்தில் போனை வைத்தேன். நீ தப்பாகச் சொல்லிவிட்டாய் என்று வைக்கவில்லை. சரியாகச் சொல்லிவிட்டாயே என்றுதான் வைத்தேன்.

மறக்குமா, பாப்பா? நீ அப்போது நடை பழகிக்கொண்டிருந்தாய். உங்க அப்பா லாரியோடு ஜி.எஸ்.டி. ரோட்டில் கவிழ்ந்து இடுப்பு எலும்பு முறிந்து படுத்திருந்தார். நான் சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்தில், காருக்கு ஒயர் கட்டு செய்கிற கம்பெனியில் பகல் ஷிப்ட் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் வேலைக்குப் போனால் அவருக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுக்க ஆளில்லை. உன்னை இடுப்பில் தூக்கிக்கொள்ளவும் ஆளில்லை. ராத்திரி ஷிப்ட் கொடுத்தால் ஊர்க்கார அத்தை யாராவது வந்து படுத்துக்கொள்வாள், பகலெல்லாம் நான் வீட்டில் இருக்கலாம் என்று கணக்குப் போட்டேன். ஆபீசில் போய்க் கேட்டேன். அங்கே இருந்த அதிகாரி நல்ல மனுஷர்தான். "அதுக்கு சட்டத்துல எடமே இல்லம்மா. ஃபாக்டரியில பொம்பளைங்க ராத்திரி வேல பாக்கக் கூடாதுன்னு சட்டம் கீது. உங்க பாதுகாப்புக்குத்தான்" என்றார். "என்னப் பாதுகாக்குற சட்டம் என் வூட்டுக்காரருக்கு மருந்து வாங்கிக் குடுக்குமா சார்?" என்று கேட்டுவிட்டு வந்தேன். அன்றைக்கு பஸ்ஸில் நின்றபடியே அழுதேன். என்னைக் காப்பாற்றுகிறேன் என்று சொல்லி என் கையைக் கட்டிப்போட்டால் நான் யாரிடம் போய் முறையிடுவது?

அப்புறம் ஒரு நாள் கேட் மீட்டிங்கில் யூனியன்காரர் சொன்னார். ஹைகோர்ட்டில் யாரோ ஒரு பெண் வழக்குப் போட்டிருந்தாராம். அந்தச் சட்டம் ஆணையும் பெண்ணையும் சமமாக நடத்தவில்லை, அரசியல் சாசனத்துக்கு ஒத்துவராது, செல்லாது என்று கோர்ட் தள்ளிவிட்டதாம். அந்தப் பெண் யாரென்று இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. ஆனால் அன்றைக்கு வீட்டுக்கு வந்து உன்னைத் தூக்கித் தூக்கிப் போட்டுப் பிடித்தேன், நீ கெக்கெக்கே என்று சிரித்தாய். அந்த நீதிபதிகளுக்கு நான் ஓட்டுப் போடவில்லையே, இவர்கள் யார் சட்டத்தைத் தள்ளுவதற்கு என்று அன்றைக்கு எனக்குத் தோன்றியதா? ஒரு நிமிஷம்கூடத் தோன்றவில்லை.

அதற்கப்புறம் கம்பெனி அடித்த கூத்தைக் கேள். கோர்ட்டே சட்டம் செல்லாது என்று சொன்ன பிறகும், ராத்திரி ஷிப்ட்டுக்குப் பெயர் கொடுக்கிற பெண்கள் வீட்டுக்காரரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு வரச் சொன்னார்கள். உங்க அப்பா படுத்தபடியே, "குடு, போட்டுத் தரேன், இதுக்குப் போயி ஏன் பேஜாரு" என்றார். நான் கொடுக்கவில்லை. நேராக அந்த அதிகாரியிடம் போய், "ஆம்பளைங்க ராத்திரி வரும்போது பொஞ்சாதி கையெழுத்து கேட்டிங்களா சார்?" என்றேன். என்னோடு பெயர் கொடுத்த பெண்களெல்லாம் கதவுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் காகிதத்தை மடித்து டிராயரில் போட்டுக்கொண்டார். கோர்ட் எடுத்துவிட்ட சட்டத்தை இந்த ஆபீஸ்காரர்கள் மேஜைக்கு மேஜை மறுபடி எழுதிக்கொண்டிருப்பார்கள், பாப்பா. நீ கோர்ட்டில் ஜெயித்ததும் எல்லாம் முடிந்தது என்று நினைத்துவிடாதே. இது உனக்கு நான் சொல்லிக்கொள்கிற புத்திமதி, வைத்துக்கொள்.

உங்க அப்பா எழுந்து கோல் ஊன்றி நடந்து, பெட்டிக்கடை வைத்து, தினேஷ் பிறந்து, அவன் ஆறாவது படிக்கும்போது அப்பா போய்ச் சேர்ந்தார். அத்தனை வருஷமும் நம் வீட்டில் அடுப்பு எரிந்தது அந்த ஷிப்ட்டால்தான். நீ சட்டம் படித்ததும் அதனால்தான். தினேஷ் கெட்டுப்போனபோது உங்க பெரியப்பா வந்து, "பொம்பள ராத்திரி வேலைக்குப் போனா புள்ளைங்க இப்புடித்தான் ஆவும்" என்றார். காபி டம்ளரை அவர் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டு, "குடிச்சது போதும், கெளம்புங்க" என்றேன். இன்றைக்கு வந்து சொன்னாலும் அதையேதான் சொல்வேன். அந்தப் பழியை நான் சுமக்கத் தயாராயில்லை.

இப்போது உன் தம்பி கதைக்கு வருகிறேன். உனக்குத் தெரிந்ததுதான். ஆனால் நீ குறிப்பு எழுதுகிற நேரத்தில் உன் மேஜைமேல் இதுவும் இருக்கட்டும் என்று எழுதுகிறேன். பொத்தேரியில் ஹாஸ்டலில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தபோது போனில் ரம்மி ஆடப் பழகினான். எவ்வளவு போனது என்று இங்கே எழுத மாட்டேன், அது முடிந்த கதை. நான் போனைப் பிடுங்கி, பட்டன் போன் கொடுத்தேன். அந்தச் சமயத்தில் நம் மாநிலத்தில் ஒரு தடைச் சட்டம் வந்தது. நீ அப்போது சட்டக் கல்லூரியில் இருந்தாய். "அம்மா, சட்டமே வந்துடுச்சு. இனிமே அந்த ஆப் திறக்கவே திறக்காது. பாவம், கிளாசுக்கு போன் வேணும், குடுத்துடு" என்று நீதான் சொன்னாய். எனக்கும் அது நியாயமாகப் பட்டது. பீரோவிலிருந்து எடுத்துச் சார்ஜ் போட்டு நானே கொடுத்தேன். காவலுக்கு அரசாங்கமே வந்து நின்ற பிறகு நாம் எதற்கு நிற்க வேண்டும் என்று இரண்டு பேரும் நகர்ந்துகொண்டோம்.

அந்தச் சட்டத்தை ஹைகோர்ட் செல்லாது என்று சொன்ன செய்தி நம் வீட்டுக்கு வரவே இல்லை. கம்பெனி கேட்டில் யாரும் அறிவிக்கவில்லை. நீ பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாய். நான் ஓவர்டைம் பார்த்துக்கொண்டிருந்தேன். தீர்ப்பு வந்ததை முதலில் தெரிந்துகொண்டவன் உன் தம்பிதான். அந்த ஆப் திறந்துகொண்டு அவனுக்குத்தான் முதலில் சொல்லிற்று.

மாமல்லபுரத்திலிருந்து அந்த போன் வந்தது ஒரு காலை வேளையில். அவன் போனிலிருந்துதான் வந்தது, குரல் வேறு யாருடையதோ. "யம்மா, தினேசுன்னு ஒரு புள்ள, உன் புள்ளையா? பதறாத, உசுரோட கீறான். கடல்ல எறங்கிட்டான், நாங்க இஸ்து போட்டுட்டோம். வந்து இட்டுகினு போ" என்றது அந்தக் குரல். செங்கல்பட்டில் பஸ் ஏறி, திருக்கழுக்குன்றம் வழியாகப் போய்ச் சேருகிற வரைக்கும் நீ என் கையை விடவில்லை. உன் நகம் பட்டு என் மணிக்கட்டில் ரத்தம் கட்டியிருந்தது, அது எனக்கு வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. கரையில் படகு நிழலில், யாருடைய லுங்கியையோ சுற்றிக்கொண்டு, டீ கிளாசைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். நான் வாயைத் திறந்ததுமே போனில் பேசிய மீன்பிடிக்காரர் குறுக்கே வந்து நின்றார். "இப்ப திட்டாதம்மா. வூட்டுக்குப் போயி பொறுமையா திட்டிக்க. மொதல்ல அந்த டீய குடிக்கட்டும்" என்றார். நீ மணலில் உட்கார்ந்து அவன் தலையைப் பிடித்து மடியில் சாய்த்துக்கொண்டாய். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவன் ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டான். "மூடிட்டாங்கன்னு சொன்னிங்களேம்மா? அது மறுபடியும் தொறந்துச்சு. அதுவா மெசேஜ் போட்டு வா வான்னுச்சு." நீயும் நானும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டோம்.

இந்த இரண்டு கதையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன், பாப்பா. பைத்தியம் பிடிக்கிறது. என்னைப் பாதுகாக்க ஒரு சட்டம் இருந்தது, அதைக் கோர்ட் எடுத்தது, நான் பிழைத்தேன். என் மகனைப் பாதுகாக்க ஒரு சட்டம் வந்தது, அதையும் கோர்ட் எடுத்தது, அவன் கடலில் இறங்கினான். அதே கோர்ட், அதே அரசியல் சாசனம். காலையில் பல் தேய்க்கும்போது உன் பக்கம் நியாயம் இருக்கிறது என்று தோன்றுகிறது. வளர்ந்த ஆளை இதைச் செய்யாதே, அங்கே போகாதே என்று அரசாங்கம் கட்டிப்போடலாம் என்று விட்டால், நாளைக்கு மறுபடியும் என்னிடம் வந்து ராத்திரி வேலைக்குப் போகாதே என்று சொல்லும். தட்டிக்கேட்க ஓர் இடம் வேண்டும். ஓட்டுக்குப் பயப்படாத இடமாக இருந்தால்தான் என்னைப் போல நாலு பேர் போய் நிற்க முடியும். எல்லாம் புரிகிறது. சாயங்காலம் தினேஷ் வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வருகிற சத்தம் கேட்டதும் அத்தனையும் எனக்கு மறந்துபோகிறது. எந்த நியாயமும் வேண்டாம், அந்த ஆப் மூடியே கிடக்கட்டும் என்று சாமியை வேண்டிக்கொள்கிறேன்.

ஆனாலும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. நீ இதை ஞாயிற்றுக்கிழமை சொல்லவில்லை, உனக்கே ஞாபகம் இல்லையோ என்னவோ. ராத்திரி ஷிப்ட் சட்டத்தை எடுத்த கோர்ட், போங்கம்மா, இனிமேல் உங்கள் பாடு என்று எங்களை ரோட்டில் விட்டுவிடவில்லை. வீட்டிலிருந்து கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விடக் கம்பெனி பஸ் விட வேண்டும், ஒருத்தியைத் தனியாக வைத்து வேலை வாங்கக் கூடாது, இத்தனை பேராவது சேர்ந்திருக்க வேண்டும் என்றெல்லாம் நிபந்தனை போட்டது. விடிந்தபிறகு அந்த பஸ் நம் தெருமுனையில் என்னை இறக்கிவிடும், நீ கதவருகே நின்று கை ஆட்டுவாய். வேலியை எடுத்தவர்கள் அந்த இடத்தில் ஒன்றை வைத்துவிட்டுத்தான் எடுத்தார்கள். தினேஷுக்கு இருந்த சட்டத்தை எடுத்தபோது அந்த இடத்தில் எதை வைத்தார்கள்? ஒன்றும் இல்லை. கோர்ட்டால் சட்டத்தை எடுக்கத்தான் முடியும், புதுசாக எழுதுவது சட்டசபை வேலை என்று நீ சொல்வாய். எனக்கு பஸ் விடச் சொன்னதும் கோர்ட்தானே, அது எப்படி முடிந்தது? இந்தக் கேள்வியை உன் சீனியரிடம் கேள். அவர் சிரித்தாலும் விடாதே, இன்னொரு தடவை கேள்.

இன்னொன்று. இது திறமை ஆட்டம், சூதாட்டம் கிடையாது என்று நீங்கள் வாதாடப் போவதாகப் பேப்பரில் பார்த்தேன். உன் தம்பிக்குத் திறமை இல்லையா? ஊருக்குப் போனால் உங்க மாமன்மார் அத்தனை பேரையும் சீட்டில் ஜெயிப்பானே, "டேய் மாப்ள, நீ வராத, வந்தா எங்க டப்பு காலி" என்று அவனை ஆட்டத்திலேயே சேர்க்க மாட்டார்களே. திறமை இருந்ததால்தான் அவனால் எழுந்து வர முடியவில்லை. இன்னும் ஓர் ஆட்டம், பிடித்துவிடுவேன் என்று திறமை உள்ளவன்தான் நினைப்பான். நீ எழுதுகிற குறிப்பில், திறமையில்லாதவன்தான் தோற்கிறான், அது அவன் பாடு என்கிற மாதிரி ஒரு வரிகூட வரக் கூடாது. வேறு எதை வேண்டுமானாலும் எழுது. தனி மனித சுதந்திரம் என்று எழுது, தொழில் செய்யும் உரிமை என்று எழுது. அந்த ஒரு வரியை எழுதினால் மட்டும் உன்னோடு நான் பேச மாட்டேன். இது மிரட்டல்தான்.

இந்த வழக்கை விட்டுவிடு, வேலையை விட்டுவிடு என்று நான் சொல்லப் போவதாக நினைத்துத்தான் நீ மூன்று நாளாக என் போனை எடுக்கவில்லை என்று தெரியும். சொல்ல மாட்டேன். நாக்கு நுனி வரைக்கும் வந்தது, விழுங்கிவிட்டேன். எனக்காக ஒருவர் கோர்ட்டில் நின்றார், அவர் வீட்டில் என்ன சண்டை நடந்ததோ, அவர் அம்மா எத்தனை நாள் பேசாமல் இருந்தாளோ. உன் மனசுக்கு அது சரியென்று பட்டால் போய் நில். சரியில்லை என்று பட்டால் அதைச் சீனியரிடம் நீயே சொல், என் பெயரைச் சொல்லித் தப்பிக்காதே.

தினேஷிடம் எப்படிச் சொல்வது என்றுதான் இத்தனை நாளாகத் தவித்துக்கொண்டிருந்தேன். யாரோ சொல்லித் தெரிவதை விட நான் சொல்வது மேல் என்று நேற்று சொல்லிவிட்டேன். புதுப்பட்டினத்தில் ஏசி மாட்டிவிட்டு வந்து, கை கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்திருந்தான். உங்க அக்கா யாருக்காகப் போகிறாள் தெரியுமா என்று கேட்டு எல்லாவற்றையும் சொன்னேன். கத்துவான், தட்டைத் தள்ளுவான் என்று பயந்தேன். அவன் சாதத்தைப் பிசைந்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்தான். "அக்காவுக்கு எங்கிட்ட சொல்ல பயமா?" என்றான். ஆமாம் என்றேன். அப்புறம் சொன்னான்: "ஜெயிக்கட்டும்மா. அது அக்கா வேல. அவ நல்லா பேசுவா. ஆனா தீர்ப்பு எந்த நாளுன்னு மட்டும் மொதல்லியே கேட்டுச் சொல்லச் சொல்லு. அன்னிக்கு நான் வேலைக்குப் போவல. போன உங்கிட்ட குடுத்துட்டு வூட்லியே குந்திக்கிறேன். அக்காவையும் வரச் சொல்லேன்." அதற்கு மேல் அவன் சாப்பிடவில்லை, பாப்பா. நானும் சாப்பிடச் சொல்லவில்லை.

சட்டத்தைத் தாயத்து மாதிரி தடவிப் பார்த்துக்கொண்டு நிம்மதியாக இருந்தது நான் மட்டும்தான். அவன் அதை நம்பியிருக்கவே இல்லை. அது என்றைக்கு வேண்டுமானாலும் போய்விடும் என்று தெரிந்துதான் ஒவ்வொரு நாளும் எழுந்து வேலைக்குப் போயிருக்கிறான்.

டெல்லியில் குளிராம், சால்வை எடுத்துக்கொள். போய் நன்றாக நில். தீர்ப்பு நீ கேட்டபடி வந்தால் உன் ஆபீசில் கேக் வெட்டுவார்கள், உன்னைத் தேடுவார்கள். அந்த நேரத்தில் நீ அங்கே இருக்கக் கூடாது. தேதி தெரிந்த அன்றே டிக்கெட் போட்டு முந்தின நாளே வீட்டுக்கு வந்துவிடு. அந்த நாள் முழுக்க அவனுக்கு ஒரு பக்கம் நான் உட்காருகிறேன், இன்னொரு பக்கம் நீ உட்கார். இந்தத் தடவை நாம் இரண்டு பேரும் நகரப் போவதில்லை.

அம்மா